வாசலில் நின்றால் கொல்லை தெரியும்

பிறர் வீட்டுக்குப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வீட்டுக்காரர் முகத்தைத்தான் என்று சொல்லாதீர்கள், நான் நம்பமாட்டேன். "வாருங்கள், வாருங்கள்" என்று அவர்கள் உபசரிக்கும்போதே நம் கண்கள் அவர்களுடைய தோளுக்கு மேலாகப் புறப்பட்டுப் போய், திரைச்சீலை என்ன நிறம், ஸோபா எந்தப் பக்கம், சுவரில் என்ன படம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுகின்றன. அதற்கப்புறம்தான், "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். திரும்பி வரும் வழியில் ஆட்டோவிலேயே பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது: "பார்த்தீர்களா, அவர்கள் ஹாலை எவ்வளவு அழகாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!"

"இது பெண்களுக்கே உரிய வியாதி" என்பார் என் வீட்டுக்காரர். வியாதியோ, கலையோ, இப்போது அதற்குப் படியேறிப் போக வேண்டிய சிரமம்கூட இல்லை. கைபேசியைத் திறந்தால் போதும். உலகத்திலுள்ள அத்தனை பேருடைய வரவேற்பறையும் நம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே நம்முடைய ஹால் நிற்கிறது. பெருமூச்சு விடாமல் என்ன செய்வது?

என்னுடைய ஜாகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, வாடகைப் பிளாட். ஹால் பதினாறு அடிக்குப் பத்தடி. படுக்கையறை பத்துக்குப் பத்து. சமையலறையில் ஒருவர் தோசை வார்க்கும்போது மற்றொருவர் உள்ளே வர வேண்டுமானால், முன்கூட்டியே தகவல் கொடுப்பது நல்லது. ஹாலை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஒரு பால்கனி. நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. சுவரில் ஆணி அடிப்பதென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ராஜ்யத்தில் நான் ஆசையாக வாங்கி வைத்தது ஒரு கண்ணாடி ஷோகேஸ். தோழி ஒருத்தி வீட்டில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் தூங்காமல், கடைசியில் தவணை முறையில் வாங்கினேன். ஆறடி உயரம், ஐந்தடி அகலம், உள்ளே விளக்கு. அதற்குள் ஆறு பீங்கான் கோப்பைகள், ஒரு தாஜ்மகால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, பையன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை. ஆறு பீங்கான் கோப்பைகளில் இதுவரை யாரும் காப்பி குடித்ததில்லை. ஷோகேஸை வைக்க வேறு சுவர் இல்லாததால் பால்கனிக் கதவில் பாதியை மறைத்து நிறுத்தியிருந்தோம். அதனால் பட்டப் பகலில் ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. நாகரிகத்துக்காக அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

சென்ற ஆண்டு என் மாமனார் காலமானார். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் மாமியார் தனியாக இருக்கிறார். அவரை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. எங்கே படுக்க வைப்பது, எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு. என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த ஷோகேஸை எடுத்துவிட்டால்..." என்று ஆரம்பித்தார்.

"எதை, இதையா?" என்றேன்.

அவர் சற்றுப் பொறுத்து, "அம்மா அந்தத் தேக்குப் பெட்டியையும் கொண்டு வர வேண்டும் என்கிறாள்" என்றார்.

"நன்றாயிருக்கிறது! அந்தப் பழைய பெட்டியை எங்கே வைப்பதாம், தலைமேலா?"

அதோடு பேச்சு நின்றது. மாமியாரின் பிரயாணமும் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆசிரியர் கூப்பிட்டு, "செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்களேன். வீட்டு அலங்காரம் என்றால் நம் வாசகிகளுக்குப் பிடிக்கும்" என்றார். எனக்குக் கசக்குமா? இரண்டு சேலை, ஒரு நோட்டுப் புத்தகம், தையல் பெட்டியிலிருந்து ஓர் அங்குல நாடா. கிளம்பிவிட்டேன்.

* * *

இரவு ரயிலில் ஏறினால் திருச்சி, புதுக்கோட்டை தாண்டிக் காரைக்குடி. சென்னையிலிருந்து நானூறு கிலோ மீட்டருக்கு மேல். சுற்றிலும் செம்மண், கருவேலம், ஆங்காங்கே ஊருணி. 'இந்த வறண்ட பூமியிலா மாளிகைகள்?' என்று நினைக்கிறீர்கள். அங்கிருந்து கானாடுகாத்தானுக்குள் திரும்பியதும் வாய் அடைத்துப் போகிறது. நேர் நேரான தெருக்கள். இரு புறமும் ஒரு மாளிகை முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது. மதில்மேல் வண்ணச் சுதைச் சிற்பங்கள். கஜலட்சுமிக்கு இரு பக்கமும் யானைகள் நீர் ஊற்ற, கொஞ்சம் தள்ளி வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியுடன் காவல் நிற்கிறான். லட்சுமிக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

நகரத்தார் சமூகத்தின் ஊர்கள் இவை. பழைய கணக்கில் 96 ஊர்கள். இன்று எஞ்சியிருப்பவை எழுபத்துச் சொச்சம். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து சேர்த்த பணத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரையில் இந்தச் செம்மண்ணில் வீடாகக் கட்டினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல். நிலைக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. சுவருக்குப் பூசிய சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெண்கரு கலந்து இழைத்திருக்கிறார்கள். இன்றும் கன்னத்தை வைத்துப் பார்த்தால் குளுகுளுவென்று இருக்கிறது. (வைத்துப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை.)

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், உயிர் பிழைத்தால் போதும் என்று கால்நடையாகத் திரும்பியவர்கள் பலர். அதன் பிறகு பணம் வந்த வழி அடைபட்டது. மாளிகை கட்டுவதும் நின்றது. இன்று பல வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து திறக்கிறார்கள். சில வீடுகள் ஓட்டல்களாகியிருக்கின்றன. 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சில யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

தெரிந்தவர் ஒருவர் சிபாரிசின் பேரில், இன்னும் குடியிருக்கும் வீடு ஒன்றைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. வீட்டிலிருந்தவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி. "வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல மோரு குடிங்க" என்றார்.

மோரை வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்தேன். முகப்பு, அதைத் தாண்டி வளவு என்கிற பெரிய முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அதற்கப்பால் பின் வாசல், அதற்கும் அப்பால் பின் தெருவில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது வீடு! கதவுக்கு நேர் கதவு, அதற்கு நேர் கதவு. நடுவில் ஒரு நாற்காலிகூட மறிக்கவில்லை. முன் வாசலில் நுழைந்த காற்று யாரையும் கேட்காமல் கொல்லைவரைக்கும் போகிறது. முற்றத்தின் வழியாக இறங்கிய வெளிச்சம் நாலா பக்கமும் பரவுகிறது.

"பகல்ல லைட்டே போடமாட்டோம்" என்றார் ஆச்சி. என் ஹால் விளக்கு ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

வளவைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒரு கதவைத் திறந்து காட்டினார். தடித்த நிலை, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரே ஒரு சின்ன ஜன்னல்.

"இதுதாம்மா எங்க அறை. கல்யாணம் ஆகி வந்தப்போ இந்த வளவுல அஞ்சு குடும்பம். ஆளுக்கு ஓர் அறை."

"ஒவ்வோர் அறைதானா?"

"அதுக்கு மேல எதுக்கு?"

அனுமதி கேட்டு அங்குல நாடாவை எடுத்தேன். பத்தடிக்கு எட்டடி. மாம்பலத்தில் நான் போதவில்லை என்று புலம்புகிற படுக்கையறையைவிட இரண்டடி சிறியது!

வாசகிகளே, அந்த இடத்தில் நான் சற்று நேரம் நாடாவைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மாளிகை, மாளிகை என்று வியந்துகொண்டு வந்தேனே, அந்த மாளிகைக்கு மருமகளாக வந்தவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கல்யாணமான தம்பதியை 'வேறு வைத்து' விடுவது அவர்கள் வழக்கம். ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்புத் தனி, வரவு செலவுக் கணக்குத் தனி. ஆக, எண்ணிப் பார்த்தால் அந்தக் காலத்திலேயே அது ஒரு பிளாட் கட்டடம்தான். ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை. முற்றமும் தாழ்வாரமும் எல்லோருக்கும் பொது.

"இவ்வளவு சின்ன அறையில் எப்படி ஆச்சி குடித்தனம் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அறை சாமான் வைக்கத்தானே? சீர்ச் சாமான் எல்லாம் உள்ள அடுக்கிப் பூட்டிருவோம். மனுசங்க இருக்கிறதெல்லாம் வெளியே இங்கதான். பாய விரிச்சாப் படுக்கை, சுருட்டுனாக் கூடம்."

அதற்காக அந்தக் காலத்துக் கூட்டுக் குடித்தனம் சொர்க்கம் என்று நான் எழுதப் போவதில்லை. ஐந்து மருமகள்கள், ஐந்து அடுப்பு. ஒருத்தி குழம்பைத் தாளித்தால் மற்ற நால்வருக்கும் வாசனை தெரியும். சண்டை போடக்கூட மறைவிடம் கிடையாது. "அழுகணும்னா மாடிக்குப் போயிருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஆச்சி. இன்று அந்த ஐந்து குடும்பத்தில் அவர் ஒருவர்தான் இங்கே. ஆனாலும் அந்தச் சிறிய ஏற்பாட்டில் ஒரு விஷயம் என் மனத்தில் தைத்தது. சாமான்களுக்கு இருட்டு அறை. மனிதர்களுக்கு வெளிச்சமும் காற்றும். என் வீட்டில் நான் இதைத் தலைகீழாக அல்லவா வைத்திருக்கிறேன்?

* * *

மறு நாள் ஆத்தங்குடிக்குப் போனேன். காரைக்குடிக்கு அருகிலுள்ள இந்த ஊர்த் தரைக் கற்களைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். செய்வதைப் பார்த்தால் கோலம் போடுவது போலவே இருக்கிறது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவும் இலையுமாகத் தகட்டால் பிரித்த அச்சை இறக்குகிறார்கள். சிமெண்டில் குழைத்த வண்ணங்களைச் சின்னக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுகிறார்கள். சிவப்பு பூவுக்கு, பச்சை இலைக்கு, மஞ்சள் கரைக்கு. அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரச் சாந்தைப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். ஒரு நாள் காய்ந்தபின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. மறுபடி காய வைத்தால் கண்ணாடி தானாகவே விட்டுவிடுகிறது. அடியில், பூத்த முகத்துடன் கல்! அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது. தரையில் பதித்தபின் நடக்க நடக்க மெருகு ஏறும் என்கிறார்கள். நடமாடாத வீட்டில் அழகு மங்கிவிடுமாம்.

"பால்கனிக்கு எத்தனை கல் வேண்டும்?" என்று கேட்டேன். எட்டங்குலக் கல்லாக வைத்துக்கொண்டால், ஆறடிக்கு ஒன்பது, நாலடிக்கு ஆறு. மொத்தம் ஐம்பத்து நான்கு. கல் ஒன்று ஒன்றரைக் கிலோ. ஆக எண்பது கிலோ! ரயிலில் நான் தூக்கிக்கொண்டு போவதை மனக் கண்ணால் பார்த்தேன். ஆணிக்கே முகம் சுளிக்கும் வீட்டுச் சொந்தக்காரரையும் பார்த்தேன். நான்கே நான்கு கல் வாங்கினேன். நாலும் சேர்ந்தால் ஒரு பூ.

* * *

திரும்பும் நாள் மாலை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தெடுத்த சாமான்கள் விற்கும் தெரு. கடைக்குக் கடை தேக்குத் தூண்கள், வேலைப்பாடமைந்த நிலைகள், எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், தொட்டில், ஊஞ்சல் சங்கிலி. நகரங்களிலிருந்து வந்து ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் வாங்கிப் போகிறார்கள். நானும், ஹால் சுவருக்கு ஒரு சின்ன ஜன்னல் சட்டமாவது கிடைக்காதா என்ற ஆசையுடன்தான் நுழைந்தேன்.

ஒரு கடையில், சட்டம் போட்ட பழைய போட்டோக்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது ஒரு கல்யாணப் படம். கழுத்து நிறைய நகையுடன் பதினாறு வயதுப் பெண். யாருடைய பாட்டியோ! அவளுக்கும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. எந்த ஓட்டல் சுவரில் போய்த் தொங்கப் போகிறாளோ, தெரியாது.

அந்தப் படத்தின் பக்கத்தில் ஒரு தேக்குப் பெட்டி. பித்தளைக் குமிழ்கள், மூடியில் தாமரைப் பூ. கைவைத்துத் தடவினேன். "நல்ல உருப்படிம்மா. அடியில சக்கரம் வெச்சு ஹால்ல போட்டீங்கன்னா, வர்றவங்க கண்ணு அதுலதான் நிக்கும்" என்றார் கடைக்காரர். விலையைச் சொன்னார். என் ஷோகேஸின் விலையைவிட அதிகம்.

ஆனாலும் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. 'இந்த மாதச் சம்பளம், அடுத்த மாதம் போனஸ்... வைப்பதற்கு இடமா? எப்படியாவது ஒதுக்கிக்கொள்ளலாம்!' என்று நினைத்த மாத்திரத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே மாதிரிப் பெட்டி ஒன்று கும்பகோணத்துப் பக்கத்தில் எனக்காகக் காத்திருக்கிறதே! அதன் மூடியில் தாமரை இல்லை, ஒரு கிளி. அதன் சொந்தக்காரியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் 'தலைமேலா வைப்பது?' என்று கேட்டேன். யாரோ ஒருவருடைய பாட்டியின் பெட்டிக்கு என் ஹாலில் இடம் இருக்கிறது. என் பிள்ளையின் பாட்டிக்கு இல்லை.

கடைக்காரர், "பத்துப் பர்ஸெண்ட் குறைச்சுக்கலாம்" என்றார். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கணவருக்குப் போன் செய்து, "அளவு நாடாவை வைத்துக்கொண்டு ஓர் இடம் அளக்க வேண்டும்" என்றேன். "எந்த இடத்தை?" என்றார். "ஷோகேஸ் இருக்கும் இடத்தை" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

* * *

ஷோகேஸை யார் வாங்கினார்கள் தெரியுமா? முதல் மாடி மாமி. மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்! பாதி விலைதான் கொடுத்தார். அது கீழே இறங்கிய நிமிஷமே எங்கள் வாசற்படியில் நின்று பார்த்தேன். வாசல், ஹால், பால்கனி, எதிர் வீட்டு வேப்ப மரம். இருபது அடிக் கோடு, குறுக்கே ஒன்றுமில்லை. கானாடுகாத்தான் மாளிகையோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் வேப்ப மரத்துக் காற்று வாசல்வரைக்கும் வந்ததே, அது பொய்யில்லை. பகல் விளக்கை அணைத்துவிட்டோம்.

சின்னப் பிளாட்டில் இருக்கும் சகோதரிகள் இதை மட்டும் ஒரு தடவை செய்து பாருங்கள். காசு செலவில்லை. உங்கள் வாசற்படியில் அந்நியரைப் போல நின்று, வீட்டில் வெளிச்சம் வரும் திசையைப் பாருங்கள். அந்தக் கோட்டின் குறுக்கே என்ன நிற்கிறதோ, அதை நகர்த்துங்கள். அடுத்தபடியாக, பகலில் தேவையில்லாத சாமானை, அது தலையணையோ மெத்தையோ, மூடி வைக்க ஓர் இடம் தேடுங்கள். அந்த இடமே உட்காரும் ஆசனமாகவும் இருந்தால் இரட்டை லாபம். மூன்றாவது, உயரமான சாமானைவிடத் தாழ்வான சாமான் நல்லது; சுவர் தெரியத் தெரிய அறை பெரிதாகத் தோன்றும். இந்த மூன்றையும் செய்துவிட்டுப் பிறகு திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போங்கள். பாதிப் பேர் போக மாட்டீர்கள்.

அடுத்த வாரமே என் கணவர் ஊருக்குப் போய் மாமியாரை அழைத்து வந்தார். பெட்டியும் வந்தது. பால்கனிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம் அதைப் போட்டிருக்கிறோம். பகலில் எங்கள் படுக்கைச் சுருள்கள் எல்லாம் அதற்குள்ளே, அதன்மேல் ஒரு ஜமக்காளம், ஜமக்காளத்தின்மேல் மாமியார். கீரை ஆய்வதும், பேரனுக்குக் கதை சொல்வதும், தெருவில் போகிறவர்களைப் பற்றி எனக்குச் செய்தி சொல்வதும் அங்கிருந்துதான். ஆத்தங்குடிக் கற்கள் நான்கையும் பால்கனியில் சேர்த்து வைத்து, அந்தப் பூவின்மேல் துளசித் தொட்டியை வைத்திருக்கிறார். "பூவை மறைத்துவிட்டீர்களே அம்மா!" என்றேன். "பூ எங்கேயும் போகாது, செடிக்கு வெயில் வேண்டாமா?" என்றார். எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்காதீர்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைப் பற்றி இன்னும் பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சென்ற ஞாயிறு முதல் மாடி மாமி வந்தார். வந்தவருடைய கண்கள், வழக்கம்போல என் தோளுக்கு மேலாகப் போயின. பெட்டியில் போய் நின்றன. "இது எங்கே வாங்கினேள்? ஆன்டிக்கா?" என்றார். "வாங்கவில்லை, என் கல்யாணத்தில் வந்தது" என்றார் மாமியார், பெருமையாக.

ஆறு பீங்கான் கோப்பைகள் என்ன ஆயின என்று கேட்கவில்லையே? ஷோகேஸ் போனபின் அவற்றை வைக்க இடமில்லாததால் தினமும் அவற்றில்தான் காப்பி குடிக்கிறோம். ஒன்று உடைந்தும் போய்விட்டது. மீதி ஐந்து இருக்கின்றன. மாம்பலம் பக்கம் வந்தால் அவசியம் வாருங்கள். வீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு சௌக்கியம் விசாரிக்கலாம். நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.